செவன் ரெப்ளிகாவும் மண்டபம் உப்புக்காத்தும்

மாப்ள ஒருத்தன் கோயம்புத்தூர்ல லோட்டஸ் செவன்ங்குற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட ரெப்ளிகா (நகல் வண்டி) ஒண்ணைப் பாத்துட்டு, அட்வான்ஸ் குடுக்கவாங்குறான். அசல் செவன், லோட்டஸ் கம்பெனியை ஆரம்பிச்ச காலின் சாப்மன் 1957-ல கொண்டாந்த வண்டி. எடை சுமார் 500 கிலோதான். தனுஷ்கோடி ரோட்டுல ஓட்டுனா சொர்க்கம், ஒத்துக்கிறேன். ஆனா நிறுத்தப்போறது ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊர்ல, கடலை ஒட்டி!

உள்ள இரும்புக் குழாய் சேசிஸ் (வண்டியைத் தாங்குற சட்டம்), மேல அலுமினியத் தகடு. ரெண்டும் ஒட்டுற இடத்துல உப்பு ஈரம் இறங்குனா அலுமினியத்தைத்தான் முதல்ல அரிக்கும். ரிவெட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் கொப்புளிச்சு நிக்கும். பாலிஷ்ல மயங்காத, தகட்டு ஓரத்தை நகத்தால சுரண்டு, அடியில படுத்து சஸ்பென்ஷன் வெல்டிங்கைப் பாரு. (வெள்ளை வேட்டியோட போயிராத.)

அப்புறம் ஆர்.சி. புக். அதுல இருக்குற எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில அடிச்சதோட ஒத்துப்போகலன்னா, ஓசியில குடுத்தாலும் வேணாம் மாப்ள.