லைட் எரியுதே சார்!

மேலாளர் அறையில் நெட் வரவில்லை என்ற புகார் என்னிடம் வருவதற்கு முன்பே அதற்கான காரணங்கள் ஆபீஸ் முழுக்கத் தயாராகிவிட்டன. வைரஸ் என்றார் ஒருவர். விண்டோஸ் அப்டேட்தான் கெடுத்தது என்றார் இன்னொருவர். கணக்குப் பிரிவில் ஒரு நண்பர் உண்டு. யார் மேஜையில் என்ன பிரச்சினை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். "சுவிட்ச் போயிருக்கும் சார், புதுசு வாங்கிடுங்க" என்று அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அவர் சொன்னது விளக்கு போடும் சுவிட்ச் இல்லை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி.

மேலாளர் ஒரு வாரப் பயணம் முடிந்து அன்றுதான் வந்திருந்தார். குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு திடமாக எரிந்தது. பக்கத்திலேயே மஞ்சள் விளக்கு கண்மண் தெரியாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"லைட் எரியுதே. அப்ப நெட் வரணுமில்ல?" என்றார் மேலாளர்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விளக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கேபிளின் மறுமுனையில் உயிரோடு ஏதோ ஒரு கருவி இருக்கிறது, அவ்வளவுதான். அது என்ன கருவி, அதைத் தாண்டி வழி இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

கட்டளைத் திரையைத் திறந்து, நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்தேன். 169.254 என்று ஆரம்பித்தது. இது நல்ல சகுனம் இல்லை. முகவரி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி சர்வரை விண்டோஸ் கூப்பிட்டுப் பார்க்கும். பதிலே வராவிட்டால் இந்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். சர்வர் வரைக்கும் கம்ப்யூட்டரின் குரல் போகவில்லை, அல்லது பதில் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

"ஆனா பிங் பண்ணா பதில் வருதே சார்!" என்றார் கணக்குப் பிரிவு நண்பர். "ஒரு மில்லிசெகண்ட்கூட ஆகல. நானே பார்த்தேன்." பிங் என்பது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை.

"எந்த முகவரிக்கு?"

"127.0.0.1."

அது அந்தக் கம்ப்யூட்டரேதான். தன்னையே "நல்லா இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாலும் அந்தப் பதில் இதே வேகத்தில் வரும். இதைச் சொன்னதும் நண்பர் கொஞ்சம் வாடிப்போனார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "அந்தப் பிரிண்டரும் போன வாரத்துல இருந்து செத்துக் கிடக்கு. அதையும் மாத்திடுங்க" என்றார்.

அது தனிப் புகார். தனியாகப் பதிவாகி, தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சுவர்ப் பாயிண்டில் 17 என்று ஒட்டியிருந்தது. சரி, மறுமுனையைப் பார்ப்போம் என்று ஆபீஸ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ராக் அறைக்குப் போனேன். எந்த ஆபீசிலும் ராக்கில் ஒட்டியிருக்கும் லேபிள்களைப் படிப்பது தனி அனுபவம். "பழைய வரவேற்பறை" என்று ஒன்று. வரவேற்பறை இடம் மாறிய கதை தெரிந்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. "தற்காலிகம்" என்று இன்னொன்று, எழுதிய மையே வெளுத்துப்போயிருந்தது. "பிடுங்காதே!!!" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு ஒன்று. அந்த ஓட்டையில் கேபிளே இல்லை.

அங்கிருந்த பெரிய சுவிட்சில் 17ஆம் போர்ட்டை, அதாவது கேபிள் செருகும் ஓட்டையை, தேடிப் பிடித்தேன். விளக்கு எரியவில்லை.

எண் மாறியிருக்குமோ என்று சந்தேகம். நண்பருக்குப் போன் செய்து, மேலாளரின் கம்ப்யூட்டர் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன். எந்த விளக்கு அணைந்து எரிகிறதோ அதுதான் நமக்கு வேண்டிய போர்ட்.

"கழட்டிட்டேன் சார்." இங்கே ஒரு விளக்கும் அசையவில்லை.

"மாட்டிட்டேன் சார்." அப்போதும் இல்லை.

"சரியான கேபிள்தானா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "மானிட்டர் ஏன் கருப்பாச்சுன்னு மேலாளர் கேக்குறார் சார்" என்றார்.

அடுத்து சரியான கேபிளையே கழற்றி மாட்டினார். ராக்கில் அப்போதும் ஒரு சலனமும் இல்லை. எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டம் இதுதான். கம்ப்யூட்டர் பக்கம் பச்சை எரிகிறது, சுவிட்ச் பக்கம் இருட்டு. இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர் இவ்வளவு நேரமாக யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

திரும்பி வந்து கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். மேஜைக்கு அடியில் நுழைந்து, அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. நாங்கள் இருவரும் அலமாரியை நகர்த்தினோம். அங்கே தூசியில் புதைந்து ஒரு எட்டு போர்ட் குட்டி சுவிட்ச். எந்த வரைபடத்திலும் இல்லாதது. மேலாளரின் கேபிள் ஒன்று, நடையில் இருக்கும் பிரிண்டருக்குப் போகும் கேபிள் ஒன்று, அப்புறம் குட்டையாக இன்னொன்று. அந்தக் குட்டைக் கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் செருகியிருந்தன. விளக்குகள் அத்தனையும் வெறிபிடித்து மின்னின.

"அடேயப்பா, எவ்வளவு வேலை செய்யுது பாருங்க!" என்று நண்பர் வியந்தார்.

நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. மேலாளர் ஊரில் இல்லாதபோது அறையைச் சுத்தம் செய்ய அலமாரியை நகர்த்தியிருக்கிறார்கள். சுவர்ப் பாயிண்டிலிருந்து கேபிள் கழன்று தொங்கியிருக்கிறது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் பரிதாபப்பட்டு, காலியாக இருந்த ஓட்டையில் அதைச் செருகிவிட்டார். 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிட்டால் சரியான இடம்தான் என்று நினைக்காத மனிதர் உண்டா?

விளைவு, முடிவே இல்லாத சுற்று. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஃபிரேமை, அதாவது கேபிளில் போகும் தகவல் பொட்டலத்தை, வந்த வழி தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் தள்ளிவிடுவதுதான் சுவிட்சின் வேலை. ஒரு போர்ட் வழியே போனது இன்னொரு போர்ட் வழியே உள்ளே வரும். புதிதாக வந்ததாக நினைத்து சுவிட்ச் மறுபடி தள்ளும். ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல் என்று ஓர் ஆயுள் கணக்கு உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அதுவும் கிடையாது, சாகாவரம் பெற்றது. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985ல் ஸ்பானிங் ட்ரீ முறையைக் கொண்டுவந்தார். சுற்று இருப்பதைக் கண்டுபிடித்து அந்தப் பாதையை அது அடைத்துவிடும். ராக்கில் இருக்கும் பெரிய சுவிட்சுக்கு அது தெரியும். இந்தக் குட்டிக்குத் தெரியாது. மேலாளரின் கம்ப்யூட்டர் "யாராவது முகவரி கொடுங்களேன்" என்று போட்ட கூச்சல்தான் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது.

ஒரு முனையைப் பிடுங்கிச் சுவரில் செருகினேன். வைத்தியம் அவ்வளவுதான்.

ஆனால் உடனே வரவில்லை. புதிதாக உயிர்பெற்ற போர்ட்டை ஸ்பானிங் ட்ரீ எடுத்த எடுப்பில் நம்பாது. 15 விநாடி காது கொடுத்துக் கேட்கும், இன்னொரு 15 விநாடி யார் எங்கே இருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளும், அதன் பிறகே வழிவிடும். மொத்தம் 30 விநாடி. இதற்குள் "வரலையே" என்று எத்தனை முறை சொல்ல முடியும் என்பதை மேலாளர் நிரூபித்துக் காட்டினார். நண்பர் சுவிட்ச் வாங்கும் யோசனையை மறுபடி எடுத்தார். அதற்குள் 169.254 மறைந்து, சர்வர் கொடுத்த 192.168 வந்துவிட்டது. வேகம் 100 மெகாபிட்தான் காட்டியது, பெட்டி அந்தக் காலத்துப் பெட்டி. மேலாளருக்கு மெயில் திறந்ததே போதுமாக இருந்தது.

அப்போதுதான் நடையில் பிரிண்டர் உறுமியது.

யோசித்தால் ஆச்சரியமில்லை. அது சாகவே இல்லை, அதே குட்டி சுவிட்சில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறது. ஒரு வாரமாக ஆபீசில் எல்லோரும் கொடுத்த பிரிண்ட்கள் அவரவர் கம்ப்யூட்டரில் வரிசையில் காத்திருந்தன. பிரிண்ட் வராவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? இன்னொரு முறை அழுத்துவார்கள். அப்புறம் இன்னொரு முறை. வருகைப் பதிவேடு ஒரே பக்கம் கட்டுக்கட்டாக வந்து விழுந்தது. அடுத்து யாரோ ஒருவரின் விடுப்பு விண்ணப்பம், தேதி தாண்டிப்போனது.

கணக்குப் பிரிவு நண்பர் முகம் திடீரென்று வெளுத்தது. "பிரிண்டர்ல நின்னுபோனதெல்லாம் தானா அழிஞ்சிடும்தானே சார்?" என்று என் காதருகே கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நடையை நோக்கி ஓடினார். மேலாளர் அவருக்கு முன்பே போய், சூடாக வந்த தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில் நண்பரின் பெயர். கீழே 'பணி அனுபவம்'. அதற்கும் கீழே 'எதிர்பார்க்கும் சம்பளம்'.

நண்பர் பாய்ந்து பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். இந்த முறை சரியான கேபிளைத்தான் பிடுங்கினார். ஆனால் பக்கங்கள் ஏற்கெனவே பிரிண்டரின் மெமரிக்குள் போய்விட்டிருந்தன. இன்னும் மூன்று பிரதிகள் வந்தன.