மூணாம் லீடில் ஒரு பள்ளம்

படபடப்பு என்று போய் எடுத்த ஈசிஜி தாளின் மேலே மெஷினே ஒரு வரி அடித்துக் கொடுத்திருந்தது: இதயத்தின் கீழ்ப்பக்கத்தில் பழைய அட்டாக் இருக்கலாம். எனக்கு வயது 42. வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. லீட் என்பது இதயத்தின் மின்சாரத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் கோடு. மூன்றாம் லீடில் கியூ அலை, அதாவது உச்சி ஏறுவதற்கு முன் வரும் பள்ளம், ஆழமாக இருந்ததுதான் காரணம்.

இதய மருத்துவர் டிரெட்மில் எழுதினார். ஓடவிடுவதற்கு முன் நிற்க வைத்து எடுத்த தாளில் அந்தப் பள்ளம் கிட்டத்தட்டக் காணோம். "அந்த லேப் மெஷின்தான் கோளாறு" என்றாள் மனைவி. மருத்துவர் ஒப்பவில்லை. "ரெண்டும் பன்னிரண்டு லீட்தான்மா. ஆனா ஒட்டின இடம் வேற. இதையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது."

சாதாரண ஈசிஜியில் மின்சாரத்தைப் பிடிக்கும் எலக்ட்ரோடு கிளிப்புகள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு ஓடினால் கோடு வெறும் கிறுக்கல். அதனால் கைக்கு உரியதைக் காறை எலும்புக்குக் கீழேயும், காலுக்கு உரியதை விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலும் ஒட்டுகிறார்கள். மேசன், லிகர் என்ற இருவர் 1966இல் சொன்ன முறை. நெஞ்சில் ஒட்டும் ஆறும் பழைய இடத்திலேயே இருக்கும். ஆனால் கை, கால் லீடுகளில் மின் அச்சு, அதாவது இதயத்தின் மின்சாரம் மொத்தத்தில் போகும் திசை, வலப்பக்கம் சாய்ந்து தெரியும். கீழ்ப்பக்க லீடுகளில் கியூ சுருங்கும், சில பேருக்கு மறைந்தே போகும். நிஜமாகவே அட்டாக் வந்தவருக்கும் மறையலாம் என்பதுதான் வம்பு. ஆக, எங்களுக்கு வந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை!

அவர் என்னைப் படுக்கவைத்து, மணிக்கட்டிலேயே கிளிப் போட்டு மறுபடி எடுத்தார். பள்ளம் திரும்பி வந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார், சுருங்கியது. பக்கத்து லீடுகளான இரண்டிலும் ஏவிஎஃப்பிலும் அது இல்லை. மூன்றில் மட்டும் தனியாக நிற்கும் கியூ பலருக்கும் இயல்பாகவே இருக்குமாம். இருந்தாலும் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்து, இதயச் சுவர் எல்லாப் பக்கமும் ஒழுங்காக அசைகிறது என்று கண்ட பிறகுதான் அட்டாக் பேச்சை விட்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே கணத்தில் ஒன்றாம் லீடின் உயரத்தையும் மூன்றாம் லீடின் உயரத்தையும் கூட்டினால் இரண்டாம் லீட் வரவேண்டும். ஐந்தோவன் கண்ட கணக்கு. உப்புத் தண்ணீர் வாளியில் கையையும் காலையும் விடச்சொல்லி ஈசிஜி எடுத்த டச்சுக்காரர், 1924இல் நோபல் வாங்கியவர். என் இரண்டு தாளிலும் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. அதாவது கணக்கு சரியாக இருப்பதை வைத்து எலக்ட்ரோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. யாராவது எழுதித்தான் வைக்கவேண்டும்.

படபடப்பைப் பிடித்துக் கொடுத்தது ஹோல்டர், ஒரு நாள் முழுக்க உடம்பிலேயே மாட்டிவைத்துப் பதியும் சின்ன ஈசிஜி மெஷின். அதில் எல்லாமே நெஞ்சில்தான் ஒட்டல். துடிப்பின் தாளத்தைப் பார்க்கவே அது. மேலறையிலிருந்து இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

மைத்துனர் ஈசிஜி எடுக்கும் வாட்ச் வாங்கச் சொன்னார். மணிக்கட்டில் கட்டி மறுகை விரலை வைத்தால் அது காட்டுவது ஒன்றாம் லீடை மட்டும். தாளத்துக்கு உதவும், என் பள்ளம் இருப்பது மூன்றில். வாங்கவில்லை. டிரெட்மில் தாளின் மேல் "உடம்பில் ஒட்டி எடுத்தது" என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.