சாயல்குடிக்கு மேலே ஓடும் வானம்

ராத்திரி வானத்தில் நட்சத்திரங்கள் நகரும் பாதை கோடு கோடாக விழும் நட்சத்திரக் கோட்டுப் படம் எடுப்பது எப்படி என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். எல்லா மகராசன்களும் ஒரே பாடத்தைத்தான் நடத்துவார்கள். துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி, கேமராவை அந்தப் பக்கம் திருப்பு, ஷட்டரைத் திறந்து வை, வட்ட வட்டமாகப் படம் வரும்.

அவர்கள் ஊரில் வரும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடியில் 9. கையை நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தில் வைத்தால், அந்த முஷ்டிக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். அந்த உயரத்தில் கடலோரத்து ஈரமும் புழுதியும் முதுகுளத்தூர்ப் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து ஒரே மங்கல். எல்லாம் தாண்டித் தெரிந்தாலும் ஒரு பனைமரத் தலை அதை மறைத்துவிடும். பெரிய வட்டங்களில் ஏறக்குறையப் பாதி பூமிக்குக் கீழே போய்விடுவதால் மிஞ்சுவது வானவில் மாதிரி வளைவுகள்தான்.

அதனால் நான் வடக்கே பார்ப்பதை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து வானத்துக்குக் கிழக்குதான் திசை.

பரமக்குடியில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மழையும் அநேகமாக ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். அமாவாசையை ஒட்டி ஒரு ராத்திரி பார்த்து, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுக்குப் போய்விடுவேன். இருட்டும்போதே ஒரியன் என்கிற நட்சத்திரக் கூட்டம் கிழக்கே ஏறியிருக்கும். அதன் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கிறதே, அவை வான நடுக்கோட்டின், அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோட்டின், மேலேயே உட்கார்ந்திருப்பவை. முக்கியமாக முதல் நட்சத்திரம் மின்டகா, கோட்டிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை. அது படத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்கோடாக விழும். அதற்கு இடதுபக்கம் உள்ள கோடுகள் எல்லாம் வடக்கே வளையும், வலதுபக்கம் உள்ளவை தெற்கே வளையும். நடுவில் மட்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே ஏறும். நெட்டுக்குத்தாக நிற்கும் பனைமரங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வானம் லண்டன்காரனுக்குக் கிடைக்காது. அவனுக்கு ஒரியன் சாய்வாகத்தான் ஏறும்.

இனி ஷட்டர். டிஜிட்டல் கேமராவில் இன்று பெரும்பாலோர் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. 30 நொடி, 30 நொடியாக நூற்றுக்கணக்கில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். காரணம் நியாயமானதுதான். ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் பேட்டரி குடிக்கும், சென்சார் சூடாகிப் படம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி தூவிவிடும். அதைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் செய்தால் கேமரா அதே அளவு நேரம் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு கருப்புப் படம் எடுக்கும். ஒரு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரக் காவல். அடுக்கும் முறையில் அதை ஆன் செய்தாலோ கோடெல்லாம் புள்ளிப் புள்ளியாகத் துண்டாகிவிடும்.

எனக்கு அடுக்குவது பிடிக்காது. பகலெல்லாம் ஆல்பம் டிசைன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவனுக்கு ராத்திரிக்கும் அதேவா? என்னிடம் நிக்கான் எஃப்எம்2 என்று ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருக்கிறது. அதில் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். டயலை, பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் ‘பி’யில் வைத்து, பட்டனின் நடுவில் இருக்கும் மரையில் கேபிள் ரிலீஸைத் திருகினால் போதும். கேபிளின் இந்த முனையில் ஒரு குமிழ், அந்த முனையில் குண்டூசி கனத்துக்கு ஒரு கம்பி. குமிழை அழுத்தினால் கம்பி நீண்டு பட்டனை உள்ளே தள்ளும், ‘டக்’கென்று ஷட்டர் திறக்கும். அழுத்திய கட்டைவிரலை எடுக்காமல் இன்னொரு கையால் பக்கத்துத் திருகை இறுக்க வேண்டும். அப்புறம் கையை எடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடிக்கலாம். விடியும்வரை திறந்தே இருந்தாலும் அதற்கு ஒரு சொட்டு மின்சாரம் வேண்டாம்.

புதிதாக எடுக்க வருகிறவர்களுக்குப் புரிய வைக்கக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. நேரத்தைக் கூட்டினால் நட்சத்திரம் பிரகாசமாகாது. அது ஓரிடத்தில் நிற்பதில்லையே, மணிக்கு 15 டிகிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஃபிலிமில் ஒரு புள்ளியின் மேல் அதன் வெளிச்சம் விழுவது சில நொடிதான். கோடு எவ்வளவு பளிச்சென்று விழும் என்பதை அப்பெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எஃப் எண்ணில் சொல்வது) ஐஎஸ்ஓவும் (ஃபிலிமின் வெளிச்ச உணர்வு)தான் தீர்மானிக்கும். கோட்டின் நீளத்தை மட்டும்தான் நேரம் தீர்மானிக்கும். ஆனால் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் வானம் நகராது. அதன் மங்கல் வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் சாம்பல் வானத்தில் கோடுகள் கரைந்துவிடும். பரமக்குடி மொட்டைமாடியில் பத்து நிமிஷம் தாங்குவதே பெரிது. பனங்காட்டில் ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6 வைத்து ஒரு மணி நேரம் தாராளமாகப் போகலாம்.

இதில் ஃபிலிமுக்கு ஒரு சௌகரியம். வெளிச்சம் ரொம்பக் குறைவாக வரும்போது, ஃபிலிம் நேரத்துக்குத் தக்கபடி அதை வாங்கிக்கொள்ளாது, சோம்பிவிடும். கட்டடம் எடுப்பவனுக்கு அது தலைவலி, கணக்குப் போட்டுக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். எனக்கு லாபம், வானம் சீக்கிரம் வெளுக்காது. இந்தச் சோம்பல் இல்லாததற்குப் பேர்போன ஃபிலிம் ஃபியூஜியின் அக்ராஸ் 100. இரண்டு நிமிஷம்வரை ஒரு திருத்தமும் வேண்டாம். அதனாலேயே இந்த வேலைக்கு நான் அதைத் தேடி ஓடுவதில்லை.

பாக்கெட்டில் ஆல்பத்துக்கு வாங்கிய கருப்பு அட்டைத் துண்டு ஒன்று எப்போதும் இருக்கும். தூரத்தில் பைக் வெளிச்சம் தெரிந்தால், லென்ஸைத் தொடாமல் அதற்கு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொள்வேன். ஷட்டர் பாட்டுக்குத் திறந்திருக்கும், பைக் போனதும் அட்டையை எடுத்துவிடலாம். கோட்டில் சின்ன இடைவெளி விழும், அவ்வளவுதான்.

போன மார்கழியில் பக்கத்துத் தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டே வந்தார். அட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, லைட்டக் கீழ அடிங்க”ன்னேன்.

“என்ன தம்பி, இருட்டுல நின்னு என்ன செய்ற?”

“படம் எடுக்குறேங்கய்யா.”

“எடுத்தாச்சா?”

“எடுத்துக்கிட்டே இருக்கு. இன்னும் அரை மணி ஆகும்.”

கேமராவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். வந்தவரைச் சும்மா விடுவானேன் என்று, அந்தப் பனையடியில் கொஞ்சம் லைட் அடிக்க முடியுமா என்று கேட்டேன். லென்ஸுக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, அடிமரத்திலிருந்து தலைவரை சாவகாசமாக ஒரு தடவை டார்ச்சை ஏற்றி இறக்கினார். ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தபோது, மற்ற பனைகள் கருப்பு நிழலாக நிற்க, அந்த ஒரு மரத்தில் மட்டும் மட்டை விழுந்த வளையங்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி பதிந்திருந்தன. பக்கவாட்டு வெளிச்சத்தின் வேலை அது. நேரே நின்று அடித்திருந்தால் மரம் சுண்ணாம்பு அடித்தது போலத் தட்டையாகப் போயிருக்கும்.

இந்த வருஷம் கேமராவைத் தெற்கே திருப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். தை பிறந்த புதிதில் பத்தரை, பதினொரு மணிக்கு அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ், தெற்கே 28 டிகிரி உயரத்தில் உச்சிக்கு வரும். லண்டனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. தென்துருவப் புள்ளி நமக்குத் தொடுவானத்துக்குக் கீழே இருப்பதால் அகத்தியரின் கோடு குன்று மாதிரி ஏறி இறங்கும். அந்தப் பக்கம் கடல், வெளிச்சம் குறைவு. மீன்பிடிப் படகுகளின் விளக்குதான் ஒரே தொந்தரவு. தை பிறந்தால் முகூர்த்தமும் பிறந்துவிடும் என்பதால் கல்யாணம் இல்லாத ஒரு ராத்திரி அமாவாசையோடு ஒத்துவர வேண்டும். யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள். வரும்போது கேபிள் ரிலீஸில் பூட்டும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வாருங்கள், அது இல்லாத மலிவு ரகமும் கடையில் கிடைக்கிறது.