நாற்பது சதவீதம் இல்லை என்றாலும் சொல்வதை எழுதுபவர் கிடைப்பார்

என் தம்பி பி.காம். படிக்கிறான். டீ டம்ளரைப் பிடிப்பான், போனில் மடமடவென்று டைப் செய்வான், வண்டி ஓட்டுவான். பேனாவை எடுத்தால் மட்டும் விரல்கள் இறுகி மணிக்கட்டு உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும். அரைப் பக்கம் எழுதுவதற்குள் எழுத்தெல்லாம் கிறுக்கலாகிவிடும். நரம்பியல் மருத்துவர் இதை ரைட்டர்ஸ் கிராம்ப் என்றார். இடது கையால் எழுதப் பழகினான். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு அந்த வேகம் போதவில்லை.

பரீட்சையில் அவன் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டோம். "நாற்பது பர்சன்ட் ஊனம்னு சர்டிபிகேட் இருக்காம்மா? இல்லைன்னா ரூல்ல இடமில்லை" என்றார்கள். "பார்த்தா நல்லாத்தானே இருக்கான்" என்று உள்ளே ஒருவர் சொன்னது தம்பி காதில் விழுந்துவிட்டது. அன்று இரவு அவன் சாப்பிடவே இல்லை.

சரி, ரூலில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் இரண்டு வரையறைகள் உண்டு. நாற்பது சதவீதக் கணக்கு 2(ஆர்) பிரிவில் வருகிறது. வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது தேவை. 2(எஸ்) பிரிவு சதவீதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. இதே ரைட்டர்ஸ் கிராம்ப் உள்ள விகாஷ் குமார் யுபிஎஸ்சியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இந்த வசதியை நாற்பது சதவீதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அவருக்கு எய்ம்ஸ் கணக்கிட்டது வெறும் 6 சதவீதம். அதன்பிறகு, நாற்பதுக்குக் கீழே இருந்து எழுதச் சிரமப்படுபவர்களுக்கென்றே மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவச் சான்றுக்கான படிவமும் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது.

அலைச்சல் அதிகம் அந்தச் சான்றுக்குத்தான். ஒரு மருத்துவர் கையெழுத்து போதாது, குழுவாகத் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் இப்படியொரு படிவத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. வழிகாட்டுதலை முழுதாக அச்சிட்டுக் கையோடு கொண்டுபோனதால் பேச முடிந்தது. மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துத் தம்பியை எழுதச் சொன்னார். நாலாவது வரியில் பேனா முனை தாளைக் கிழித்தது. "போதும்ப்பா, வச்சிடு" என்றார்.

அப்புறம் மனு. ஒரே பக்கம்: தீர்ப்பு, வழிகாட்டுதல், சான்று, மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் பதில் தாருங்கள் என்று கடைசி வரி. தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்கினோம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் போட்டோம். வாயால் கேட்டபோது அரை நிமிடத்தில் இல்லை என்றவர்களுக்கு, அதை எழுதிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அனுமதி வந்தது. மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரமும் சேர்த்து.

எழுதுவதற்கு நாமே அழைத்து வருபவர் தேர்வரைவிட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று அந்த 2022 வழிகாட்டுதலில் இருந்தது. பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பெண் சம்மதித்தாள். அவளுக்கு அக்கவுண்ட்ஸ் தெரியாது. அதனால் மாலை வேளைகளில் உட்கார்ந்து பழகினார்கள். "டெபிட் பக்கம், மூணாவது வரி, டு பர்ச்சேஸஸ், தொகை வலது ஓரம்" என்று ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல வேண்டும். கூட்டலை மனசுக்குள்ளேயே போட வேண்டும். பரீட்சைக்கு முன்னால் இந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும். பதில் தெரிந்திருப்பது வேறு, அதை இன்னொருவர் கைக்குச் சொல்வது வேறு.

முதல் பரீட்சையில் மூன்று மணி நேரம் முடிந்ததுமே கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்க வந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. தம்பி அனுமதிக் கடிதத்தின் நகலைக் காட்டினான். படித்துவிட்டு, "எழுதுப்பா" என்று நகர்ந்தார்.

இந்த மருத்துவச் சான்றுப் படிவத்தைத் தேர்வு விண்ணப்பத்தோடே எல்லாருக்கும் கொடுங்கள் என்று இன்னொரு மனு போட்டிருக்கிறோம். கேட்கவே தயங்கும் பிள்ளைகள் அந்தக் கல்லூரியில் இன்னும் இருப்பார்கள். பதில் வரவில்லை. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டப் போகும்போது மறுபடியும் கேட்போம்.