கை எக்ஸிமாவும் சமையலறை சிங்க்கும்

கையில் எக்ஸிமா (தோல் காய்ந்து, அரித்து, வெடிக்கும் அழற்சி) என்று போனால், தோல் மருத்துவர் முதலில் சொல்வது "தண்ணியில ரொம்ப கை வைக்காதீங்க" என்பதுதான். மூன்று வேளை சமைத்து, பாத்திரம் தேய்த்து, துணி அலசி, வீடு துடைக்கிற பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? தலையாட்டிவிட்டு வருவாள், மாலையில் சிங்க் முன்னால் நிற்பாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போகிற மாதிரி எரியும் கையோடு நானும் அப்படி நின்றவள் என்பதால், அந்த ஒரு வரி அறிவுரையை வீட்டில் எப்படி நடத்திக்காட்டலாம் என்று எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கில் இருக்கும் கொழுப்புதான் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து, எரிச்சல் தரும் பொருள்களை வெளியே நிறுத்துகிறது. சோப்பு அந்தக் கொழுப்பையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5. குளியல் சோப்புக் கட்டிகள் பலவற்றில் அது 9, 10 வரை போகும். வெறும் தண்ணீரும் அடிக்கடி பட்டால் கெடுதல்தான். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 தடவைக்கு மேல் கை கழுவினாலோ அதை 'ஈர வேலை' என்று கணக்கில் வைத்து, நர்ஸ்களுக்கும் முடிதிருத்துபவர்களுக்கும் தனிக் கவனம் கொடுக்கிற நாடுகள் உண்டு. நம் சமையலறையில் சாதாரணமாகவே அந்தக் கணக்கு தாண்டிவிடும், ஆனால் அதை யாரும் வேலையாகக்கூட எண்ணுவதில்லை.

எந்த விரலில் வெடிக்கிறது என்று பாருங்கள். வலது கையால் வெட்டுகிறவருக்கு இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனி மட்டும் காய்ந்து பிளந்தால் பூண்டைச் சந்தேகிக்கலாம், பூண்டைப் பிடிப்பது அந்த விரல்கள்தானே. பூண்டில் உள்ள டைஅல்லைல் டைசல்பைடு பெரும்பாலான கையுறைகளையும் ஊடுருவிப் போய்விடும், அதனால் உரிக்கிற வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுப்பதுதான் வழி. மோதிரத்துக்கு அடியில் தொடங்கினால், அங்கே தங்கிப்போகும் சோப்பு நீர் காரணமாக இருக்கலாம். கவரிங் மோதிரமென்றால் அதில் கலந்திருக்கும் நிக்கல் உலோகத்தின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். இது வெறும் எரிச்சலா, ஒவ்வாமையா என்று குழப்பமாக இருந்தால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி 2 நாள் வைத்திருந்து, தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த நாட்களில் முதுகு நனையக்கூடாது, வெயில் காலத்தில் கொஞ்சம் கஷ்டம்தான்.

கையுறை போடுவதென்றால் உள்ளே மெல்லிய பருத்தி உறை, வெளியே வினைல். ரப்பர் உறையே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வேர்வையில் ஊறிய உறையை மாட்டிக்கொண்டே இருந்தால் நிலைமை மோசமாகும், வேலை முடிந்ததும் கழற்றி உள்பக்கத்தைக் காயவையுங்கள். ஒவ்வொரு தடவை கை கழுவியதும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, வாசனை சேர்க்காத கெட்டியான கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். ஜெல்லி டப்பா சிங்க் பக்கத்திலேயே இருக்கட்டும், அலமாரியில் வைத்தால் எடுக்க மாட்டோம்.

அப்புறம் ஆயின்மென்ட். ஸ்டீராய்டு என்றதும் பயந்து ஒதுக்கவும் வேண்டாம், மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே கேட்டு வாங்கவும் வேண்டாம். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் மருத்துவர் வீரியமானதையே எழுதுவார், அதே ட்யூபைக் குழந்தையின் முகத்தில் தடவிவிடக் கூடாது. ஒரு கையில் மட்டும் செதில் செதிலாக உரிந்தால் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம், ஸ்டீராய்டு போட்டால் அடங்கியதுபோலக் காட்டிப் பரவும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது இந்த மாதிரி சேதங்களால்தான்.

கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம், தொடாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாப்பிட்டதும் உங்களுக்கு அதிகமாவது தெளிவாகத் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் சும்மா பட்டினி கிடக்க வேண்டாம். சீழ் வைத்தாலோ, கை வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள்.

வெடிப்பு மூடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும், வீட்டிலும் அப்படித்தான் நினைப்பார்கள். அடியில் தோல் பழைய பலத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ராத்திரிப் பாத்திரத்தைக் கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ தேய்க்கட்டும், இதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.