ஆத்தாவின் கையெழுத்து

மனைவியின் தாய்வீடு அவளது அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. மட்டக்களப்பில் வழமை அதுதான், வீடு பெண் பிள்ளைக்கு. இளையவளுக்கு நகையும் கொஞ்சக் காசும். ஆறு வருடம் வாடகை கட்டிய பிறகு, இனியாவது சொந்தமாக ஒன்று என்று தேடத் தொடங்கினோம்.

டவுணுக்குள் விலை எட்டாது, அதனால் கல்லடிப் பாலத்துக்கு அங்கால் பார்த்தோம். 1924 இல் திறந்த பழைய பாலம் மட்டும் இருந்த நாளில் ஒரு பக்கம் போக மறுபக்கம் காத்து நிற்கும். 2013 இல் புதுப்பாலம் வந்த பின் அந்தத் தொல்லை இல்லை. கூடவே காணி விலையும் ஏறிவிட்டது.

நாவற்குடாவில் பத்துப் பேர்ச், மூன்று அறை, ஒரு முருங்கை, ஒரு கிணறு. "கல்முனை ரோட்டுக்கு அஞ்சு நிமிசம் சேர்" என்றார் புரோக்கர். மகளைக் கையில் பிடித்து நடந்து பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். சந்திக் கடையில் பால்மா முதல் மண்ணெண்ணெய் வரை இருந்தது. பஸ்ஸுக்கும் குறைவில்லை.

இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அதனால் கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் விலை பேசக்கூடாது என்று நினைத்தேன். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அக்கா மதிலில் ஒரு கறையைக் காட்டி, "முந்தி ஒருக்கா இவ்வளவுக்கு வந்தது" என்றார். வீட்டுப் படி அதற்கு மேலே இருந்தது. சரி என்று பட்டது.

சிக்கல் காணி உறுதிப் பத்திரத்தில் வந்தது. முற்பணம் கொடுக்கும் முன் லோயரிடம் காட்டினோம். அவர் காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைப் பார்த்துவிட்டு, "இது மகளுக்குத் தாய் எழுதின நன்கொடை உறுதி. ஆனா தாய் தன்ர சீவிய உரித்தை வச்சிருக்கிறா" என்றார். அதாவது மகள் விற்றாலும், தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அவரும் சேர்ந்து கையெழுத்து வைத்து அந்த உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும். "அம்மா ஒண்டும் சொல்லமாட்டா" என்று மகள் போனில் சொன்னது போதாது. புரோக்கர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை!

உறுதி எழுதின அந்தத் தாய், ஆத்தா, களுவாஞ்சிகுடியில் இளைய மகளோடு இருந்தார். நானும் மனைவியும் போனோம். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வீட்டைப் பற்றி அவர் பேசவில்லை. அப்புறம் மனைவியைப் பார்த்து, "உனக்கு எத்தினை பொம்புளப் பிள்ளை?" என்று கேட்டார். ஒன்று என்றாள். "அப்ப சரி" என்றார்.

அடுத்த மாதம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு, தாயும் மகளும் கையெழுத்து வைத்தார்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு 4. வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். பெயின்ட் அடிக்க வைத்திருந்த காசு அதோடு போனது. சோலைவரியையும் தண்ணீர் பில்லையும் பெயர் மாற்றத் தனி அலைச்சல்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது ஆத்தா சொன்னார்: "கிணத்துத் தண்ணி ஆடி ஆவணியில உவர்க்கும் மனே. குடிக்கப் பைப் தண்ணி எடு. முருங்கைய மட்டும் வெட்டிராத."