கன்னி மூலையில் ஒரு குளம்

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக்குக் கொசுப்புழு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். தெருவில் பாதிப் பேருக்கு ஒரே மகிழ்ச்சி. மீதிப் பேருக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பூஜை அறையில் நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே குத்தி வைத்திருக்கிறார். "கன்னி மூலையில் பள்ளம் தோண்டாதே என்று சொன்னேனா, இல்லையா?" என்று கேட்டது என்னையா, மேலே படத்தில் இருக்கும் முருகனையா என்று தெரியவில்லை. தென்மேற்கான அந்த மூலையில் நான் குளம் வெட்டிய நாளிலிருந்து இந்த வீட்டில் நடப்பதெல்லாம் கன்னி மூலையால்தான் நடக்கிறது. சின்னவளுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தது, மிக்ஸி ஜாடி உடைந்தது, கோயம்புத்தூர் அத்தைக்கு மூட்டுவலி வந்தது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அத்தைக்கும் எங்கள் கன்னி மூலைக்கும் நடுவில் முந்நூறு கிலோமீட்டராவது இருக்கும். வாஸ்துவின் வீச்சு அப்படி.

வாஸ்துப்படி வடகிழக்கில், ஈசானிய மூலையில் வெட்டியிருக்கலாம்தான். அங்கே வேப்பமரம் நிற்கிறதே! மாசியில் இலை, சித்திரையில் பூ, ஆடியில் பழம் என்று வருடம் முழுக்க எதையாவது கொட்டிக்கொண்டே இருக்கும். அத்தனையும் தண்ணீரில் விழுந்து அழுகினால் பாசிக்குத் தினமும் கல்யாண விருந்து. அல்லி பூக்க நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும். வாஸ்து புருஷனுக்கு அல்லி வளர்த்த அனுபவம் கிடையாது.

குளம் என்று நான் சொல்கிறேன். அப்பா தொட்டி என்கிறார். கும்பகோணத்தில் பிறந்தவர், மகாமகக் குளத்தின் 20 தீர்த்தக் கிணறுகளையும் வரிசையாகப் பெயர் சொல்லக்கூடியவர். 8 அடி நீளம், 6 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம் என்று நான் வெட்டியதைப் பார்த்துவிட்டு, "இதில் யார் நீராடுவது? கட்டெறும்பா?" என்று கேட்டார். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பை வாங்கி வந்தேன். கீழே கல் குத்திக் கிழித்துவிடக் கூடாது என்று, அதற்கடியில் பரணிலிருந்த பவானி ஜமக்காளத்தை விரித்தேன். அது என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளமாம். ஏறக்குறைய 2000 லிட்டர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, இனி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அதை எடுக்கும் நாள் வரும் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

மோட்டார் கிடையாது, மருந்து கிடையாது. ஆழத்தில் வேலம்பாசி, நடுவில் அல்லி, ஓரத்து மேட்டில் வசம்பும் வல்லாரையும். ஒரு பக்கம் சரிவாகக் கூழாங்கல் போட்டிருக்கிறேன், விழுந்த ஓணானும் அணிலும் ஏறி வர. வாய்க்காலில் கொசுவலை போட்டுப் பிடித்த, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த குட்டி மீன்கள் கொஞ்சம். இதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: எதுவும் செய்யாமல் இருப்பது. அது மட்டும் இந்தத் தெருவில் நடக்காது.

முதலில் தண்ணீர் பச்சையானது. கீரை மசியல் பச்சை. புதுக்குளம் என்றால் அப்படித்தான் ஆகும். தண்ணீரில் சத்து இருக்கிறது, அதை உறிஞ்சும் அளவுக்குச் செடி இன்னும் வளரவில்லை, பாசி முந்திக்கொள்கிறது. அல்லி இலை பாதிக் குளத்தை மூடி, வெயிலை மறைத்து, பாசியைத் தின்னும் தண்ணீர்ப்பூச்சிகளும் பெருகினால் தானாகத் தெளியும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அண்ணி படிகாரம் கொடுத்தனுப்பினாள். பால்காரர் பிளீச்சிங் பவுடர் என்றார். மாடிவீட்டுத் தம்பி மயில்துத்தம் போடச் சொன்னான். துத்தம் போட்டால் பாசி சாகும், உண்மைதான். செத்த பாசி அழுகி, தண்ணீரில் இருக்கிற பிராணவாயு குறைந்து, மறுநாள் மீன் மிதக்கும். "மீன் போனால் போகிறது அண்ணா, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றான். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டையை உரைத்து ஊற்றச் சொன்ன பூக்காரப் பாட்டியோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. அப்பாவின் கேள்வி வேறு: "2028 மகாமகத்துக்குள் தெளிந்துவிடுமா?"

எதிர்வீட்டு மாமாவுக்கு வருகிறேன். மாமா தினமும் காலையில் விபூதியும் கையுமாக வந்து, ஒரு பிடி பொரியைக் குளத்தில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மீனுக்குப் போட்டால் புண்ணியம். மீன்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு அங்கேயே சாப்பாடு இருக்கிறது. பொரி ஊறி, அடியில் படிந்து, மொத்தமும் பாசிக்கு எருவாகப் போகும். போட்டு முடித்துவிட்டு, "தண்ணீர் ஏன் இப்படிப் பச்சையாகவே இருக்கிறது? ஒரு மோட்டார் போட்டுவிடேன்" என்பார். மோட்டார் போட்டால் குட்டி மீன்களை உறிஞ்சிவிடும் மாமா என்றால், "வலை கட்டு" என்பார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு, பொரியை நிறுத்துவதற்குத்தான் இல்லை.

அப்படி இப்படி என்று ஐப்பசி மழைக்குள் தண்ணீர் தெளிந்தேவிட்டது. தவளைகளும் வந்தன. ராத்திரி அவை போடும் சத்தத்தில் அப்பாவுக்குத் தொலைக்காட்சிச் செய்தி கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினார், தவளைகளும் கூட்டின. ஆனால் போன வாரம் நல்ல மழையில், தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் குடையும் டார்ச்சுமாகக் கூட்டிப் போனவர் யார் என்று நினைக்கிறீர்கள்? "பெரியது ஒன்று எலுமிச்சை மஞ்சளில் உட்கார்ந்திருக்கிறது, சத்தம் போடாமல் வா." மழை வந்தால் ஆண் தவளை அப்படி நிறம் மாறும். நானும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. காலையில் கேட்டால், ராத்திரி எழுந்திருக்கவே இல்லை என்கிறார்.

நேற்று வந்தது கொசு ஒழிப்புப் பணியாளர். கையில் டார்ச், கரண்டி, தோள்பையில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. "உங்கள் வீட்டில் குளம் இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது சார்" என்றது அந்தப் பெண். எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கரண்டியை விட்டு மொண்டு பார்த்தது. தலைப்பிரட்டை. மறுபடி மொண்டது. தட்டான் புழு, கொசுப்புழுவைத் தின்றே வளர்கிற ஜீவன். மறுபடியும் மொண்டால் வேலம்பாசி. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. "எதற்கும் ஒரு மூடி ஊற்றிவிடுகிறேனே சார்?" ஊற்றினால் தட்டான் புழுவும் தண்ணீர்ப்பூச்சியும் போய், கொசுவுக்குத்தான் பட்டா போட்டுக் கொடுத்ததாகும் என்று கையை விரித்துக் குறுக்கே நின்றேன். அதுவும் பாவம், வெயிலில் ஐம்பது வீடு ஏறி இறங்க வேண்டும். என் பேச்சைக் கேட்க நேரமில்லை. வீட்டுக்குள் போனது. நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தது. அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் டார்ச்சை அடித்தால், அத்தனை புழு! டெங்குக் கொசுவுக்குக் குளம் பிடிக்காது. வீட்டுக்குள் இருக்கும் இந்த மாதிரிச் சுத்தமான கையகலத் தண்ணீர்தான் பிடிக்கும்.

நோட்டீஸ் எழுதியது. 'புழு கண்டறியப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் ஃபிரிட்ஜ் என்று போடம்மா என்று எவ்வளவோ கேட்டேன். கட்டம் சின்னது. 'தண்ணீர் தேங்கிய இடம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டது.

போதாதா? மதியத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து அத்தை: "உன் குளத்தில் டெங்கு வந்துவிட்டதாமே?" அத்தை, அது ஃபிரிட்ஜ் என்றேன். "ஃபிரிட்ஜுக்குள் ஏன் குளம் வெட்டினாய்?" என்றார். என் மனைவியோ, அந்த ஃபிரிட்ஜ் தன் அப்பா வாங்கிக் கொடுத்தது, அதைக் குறை சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்துவிட்டாள்.

எதிர்வீட்டு மாமாதான் ஆறுதல் சொன்னார். மீன்களுக்குத் தெம்பு இல்லையாம், அதனால்தான் புழுவைத் தின்னவில்லையாம். நாளையிலிருந்து பொரியோடு பொட்டுக்கடலையும் சேர்த்துக் கொண்டுவருகிறாராம்.